பேர் சொல்லிக் கூப்பிடும் வரை

கேட்பதற்கு முன்பே அந்தக் கை அழுத்திவிட்டது.

மயக்க டாக்டர் வாயைக்கூடத் திறந்திருக்கவில்லை. ஆபரேஷன் மேஜையின் தலைப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பச்சைத் துணிக்கு அடியில் நீட்டிக் கிடந்த நோயாளியின் வலது கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வெண்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளி, ஒரு கணம் நின்று, வெளியே விட்டது. சர்ஜனின் கருவி தசையைச் சுடும்போது எழும் கருகல் வாடை முகக்கவசத்தையும் தாண்டி மூக்குக்கு வந்தது. ஏசிக் காற்று பின்கழுத்தில் ஒரே இடத்தைப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. மூளை அலைகளை அளக்கும் மீட்டர் ஆழ்ந்த மயக்கத்துக்கு உரிய எண்ணைக் காட்டியபடி அசையாமல் நின்றது. மேஜையில் கிடந்தவர் ஒரு பேக்கரிக்காரர். பித்தப்பையில் கல். மீட்டரை நம்புவதென்றால், அவர் இப்போது எங்கேயும் இல்லை.

இல்லாத அந்த மனிதரின் கை அவளுடைய கையை அழுத்தியது. சின்னதாக இரண்டு தடவை. பிறகு நீளமாக ஒன்று.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "நான் பேசறது கேட்குதுன்னா ஒரு தடவை அழுத்துங்க."

கை சும்மா கிடந்தது. பிசைந்து வைத்த மாவுபோல வெதுவெதுப்பாக, கனமாக.

"என்ன டாக்டர், ஏதாவது சொல்றாரா?" என்று திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து சர்ஜன் கேட்டார், தலை நிமிராமலே. "கல்யாணமான நாள்லேர்ந்து என் வீட்டம்மா என் கையை இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல. எனக்கு ஒண்ணுன்னா உங்ககிட்டதான் வந்து படுப்பேன்."

சிஸ்டர் சிரித்தாள். மயக்க டாக்டரும் சிரித்து வைத்தாள். உள்ளங்கையில் அந்த நீண்ட அழுத்தம் மட்டும் போகாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கைபிடி டாக்டர்' என்றே பேர். அந்தக் கைபிடிப்பை ஆரம்பித்து வைத்தவன் அவளுடைய தம்பி. ஆபரேஷனின்போது மயக்க வாயுவோடு, உடம்பிலுள்ள தசைகளையெல்லாம் தளர்த்திப்போடும் ஒரு மருந்தையும் ஏற்றுவார்கள். அது ஏறிய பிறகு உள்ளே ஆள் விழித்தே இருந்தாலும் இமையைக்கூட அசைக்க முடியாது. அந்த மருந்தை ஏற்றுவதற்கு முன், பிரஷர் பார்க்கும் பட்டையை ஒரு கையில் இறுக்கிக் கட்டிவிட்டால் மருந்து அந்தக் கைக்கு மட்டும் போய்ச் சேராது. உடம்பு முழுக்க ஊமையாகிவிடும். அந்த ஒரு கைக்கு மட்டும் பேச்சு மிச்சமிருக்கும். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று அந்தக் கையிடம் கேட்கலாம்.

தம்பி இயற்பியல்காரன். மூளையின் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன, 'நான்' என்கிற உணர்வு அவற்றில்தான் பிறக்கிறது என்று சொல்லும் ஒரு சின்னக் கூட்டத்தில் அவனும் ஒருவன். ஆதாரம் போதாது என்று மற்ற விஞ்ஞானிகள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்து முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பான்.

"ரொம்பச் சின்ன உலகத்துல, அக்கா, ஒரு பொருள் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். ஒரே நேரத்துல. அப்புறம் டப்புனு ஏதோ ஒரு பக்கம் விழும். குவாண்டம் குவாண்டம்னு நாங்க கத்துறது இதைத்தான். அந்தக் குழாய்க்குள்ள ஒவ்வொரு தடவை அப்படி விழும்போதும் ஒரு கணம் பிறக்குது. நான் இருக்கேன்னு தோணுதே, அந்தக் கணம். உன் வாயு என்ன பண்ணுது? அதை விழ விடாம பிடிச்சு வைக்குது."

"அப்போ ஆள் இல்லைன்னு அர்த்தம். நானும் அதைத்தானே சொல்றேன்."

"இல்லாமப் போகல. விழாம நிக்குது. நீ தினமும் இத்தனை பேரைத் தூங்க வைக்கிறியே, அவங்க எல்லாம் எங்க நிக்கிறாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. முதல்ல சாப்பிட்ட தட்டைக் கழுவி வை."

கடைசியில் அவனுக்காகக் கேட்கத்தான் செய்தாள். முறையாக அனுமதி வாங்கி, சம்மதித்த நோயாளிகளிடம் மட்டும். ஒருவரும் பதில் அழுத்தியதில்லை. போன வருஷம் ஒரு கருத்தரங்குக்காக வேறு ஊருக்குப் போனவனுக்கு அங்கே குடலிறக்கம் இறுகிக்கொண்டது. அவசர ஆபரேஷன், ஆனால் பெரிய ஆபரேஷன் இல்லை. பாதியில், வயிறு திறந்திருக்கும்போதே, இதயம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாதி இரவில் பேருந்து மாறி மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது அவனைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அம்மா அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, எடுக்க ஆளும் இல்லை. இப்போது வீட்டில் அவனுடைய சைக்கிள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது; போகவும் வரவும் அதன் பெடல் அவள் காலில் இடித்தது; அவள் அதை நகர்த்தவில்லை. வேலை முடிந்து வந்ததும் அடுத்த அறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு இந்த அறையில் உட்கார்ந்திருப்பாள். லிப்டில் மேல்மாடிக்காரர் "சாப்டாச்சா?" என்று ஒப்புக்குக் கேட்டால்கூட அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஆராய்ச்சி அவனோடு முடிந்துபோனாலும் நோயாளிகளின் கையில் பட்டை கட்டுவதை அவள் விடவில்லை. ஒரு நாளில் அவள் தொடும் மனிதக் கைகள் அவை மட்டும்தான்.

பேக்கரிக்காரரைப் பற்றி அன்று சாயங்காலம் யோசித்துக்கொண்டே சாலையைக் கடக்க நின்றாள். தசைத் துடிப்பு என்று சொல்லிக்கொண்டாள். ரத்தம் குறைந்த கை அப்படித் துள்ளுவதுண்டு. பக்கத்தில் ஒரு பையன் தன் அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தபடி நின்றிருந்தான். விளக்கு மாறியது. பையன் இழுத்தான். மயக்க டாக்டரின் கால் நகரவில்லை.

சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. *போலாம், அக்கா.*

பள்ளிக்கூட நாட்களில் அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று போடாமல் வீம்பு பிடித்தாள். தூரத்தில் வரும் லாரி கண்ணில் பட அவளுக்கு வழியில்லை. பொடியனாக இருந்த தம்பிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்பான். வண்டி இல்லையென்றால் அழுத்திச் சொல்வான். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. உலகத்தில் வேறு ஒரு ஜீவனுக்கும் அது தெரியாது.

விளக்கு திரும்பவும் மாறிவிட்டது. ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த தடவை ஒரு கணக்கு வாத்தியாரம்மா. அதற்கடுத்து ஒரு தோட்டக்காரர். காய்த்துப்போன அந்தக் கையிலும் அதே இரண்டு, அதே ஒன்று. சர்ஜன் வேலையில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து அவள் முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தாள்.

"எறும்பு. நீயா? ஆமான்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு."

சர்க்கரை டப்பாவைச் சுற்றியே திரிந்ததால் வீட்டில் அவனுக்கு எறும்பு என்று பேர்.

வெண்டிலேட்டர் உள்ளே தள்ளியது. வெளியே விட்டது. கை அழுத்தியது. ஒன்று.

அவளுக்குக் கண் மறைத்தது. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. முதுகுத்தண்டில் வேர்வை இறங்குவது தெரிந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்து அவளை உட்காரவிடாமல் செய்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம்.

"தனியாவா இருக்கே?"

ஒன்று.

"என்னை ஞாபகம் இருக்கா?"

ஒன்று.

அன்றிலிருந்து அவள் மற்றவர்களின் டூட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன டாக்டர், வீடு வாங்கப் போறீங்களா என்று கேலி செய்தார்கள். வீட்டில் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்: குழாய் ஒழுகுவதை, சைக்கிளில் காற்று இறங்கிவிட்டதை, மேல்மாடிக்காரரின் நாயை. கை அழுத்திக் கேட்டுக்கொண்டது. நோயாளிகளுக்கு எதுவும் தெரியாது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பு ஒரு சின்ன ஊசி போடுவது வழக்கம். அதன் வேலையே மறக்கடிப்பதுதான். எழுந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "நல்லாத் தூங்கினேன் டாக்டர்."

கொஞ்சம் கொஞ்சமாக நேரம் நீண்டது. தையல் போட்டு, வெள்ளைக் கட்டு ஒட்டி, சர்ஜன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பிறகும் அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், வாயு இன்னும் ஓடுது" என்றாள் சிஸ்டர்.

"தெரியும். பிரஷர் கொஞ்சம் நிலைப்படட்டும்."

சிஸ்டர் மானிட்டரைப் பார்த்தாள். பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. கத்தரிகளை எண்ணப் போய்விட்டாள்.

சில விஷயங்கள் சரியில்லை என்பது மயக்க டாக்டருக்கும் தெரிந்தது. அழுத்தம் வர வரக் கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தால் விரல் தடங்கள் நீலமாகப் பதிந்திருந்தன. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. ஒரு நாள் விளையாட்டாக, "நான் உனக்கு யாருடா, தங்கச்சியா?" என்று கேட்டாள். ஒன்று அழுத்தியது. உடனே இன்னொன்று; இரண்டு என்றால் இல்லை என்றுதானே என்று அவள் மூச்சை விடுவதற்குள் மூன்றாவது, நான்காவது. கேலி பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் எப்போதுமே அப்படித்தான். அன்றிரவு ரேடியோவை அணைக்காமல் படுத்தாள்.

தவறு அவளுடைய அவசரத்தால் வந்தது. ஒரு லாரி டிரைவர்; காலில் பழைய முறிவுக்கு வைத்த தகட்டை எடுக்க வேண்டும். சீக்கிரம் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே அவள் மருந்துகளை அடுக்கினாள். ஆபரேஷன் முடிந்து தட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறக்கடிக்கும் ஊசி, நிரப்பியது நிரப்பியபடி, அப்படியே கிடந்தது.

பரவாயில்லை, என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மதியம் அவரைப் பார்க்கப் போனாள். ரெக்கவரி வார்டில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் திரை வழியாக வெயில் மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டது. டிரைவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பட்டை கட்டியிருந்த கையைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"வலி இருக்கா?" என்றாள்.

"எறும்புங்கிறது யாரு டாக்டர்?"

சக்கரத்தின் சத்தம் நின்றது.

"கனவு கண்டிருப்பீங்க."

"கனவுல நேரம் ஓடும். அங்க ஓடல." அவர் குரல் தணிந்துதான் இருந்தது. "நீங்க பேசினது எல்லாம் காதுல விழுந்துச்சு. தனியாவா இருக்கேன்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல ரெண்டு தடவை அழுத்தப் பார்த்தேன். அவர் விடல."

"அவர்னா?"

"கூட இருந்தவர். ஒரு ஆள் நிக்கிற இடம், அதுல ரெண்டு பேர். அவருக்கு வயித்தை அறுத்துக்கிட்டே இருக்காங்க டாக்டர். ஒரே வெட்டு. அது முடிஞ்சாத்தானே அடுத்தது வரும், முடியவே மாட்டேங்குது. கையை அழுத்தினா யாராவது நிறுத்துவாங்கன்னு நெனச்சு அழுத்துறாரு. நீங்க எதைக் கேட்டாலும் அழுத்துவாரு. நீங்க என்னடான்னா குழாய் ஒழுகுதுன்னு சொல்லிட்டு இருந்தீங்க."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி சில்லென்று இருந்தது. இத்தனை நாளில், இத்தனை கைகளில், எந்த நோயாளியைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் அந்த ஒரு கேள்வியை அவள் தம்பியிடம் கேட்டதேயில்லை.

"அப்புறம் நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க" என்றார் டிரைவர். "கதவு திறந்த மாதிரி இருந்துச்சு. அவரும் எழுந்தாரு. ஆனா அவர் பேரை யாரும் சொல்லல. பேரைச் சொன்னாத்தான் வர முடியும் போல. ஒரு ஆள் போற வழிதான் டாக்டர். நான் அவரைத் தள்ளிட்டு வந்துட்டேன்." கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது; அவர் துடைக்கவில்லை. "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

வாயுவை நிறுத்திவிட்டு நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். சார், அம்மா என்றால் வர மாட்டார்கள். சொந்தப் பேர் வேண்டும். வீட்டில் கூப்பிடும் பேர் என்றால் இன்னும் சீக்கிரம் வருவார்கள். தம்பியை எழுப்ப வேண்டிய கட்டமே அந்த ஊரில் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டதெல்லாம் வாயு ஓடும்போது. நிறுத்திய பிறகு வேறு யாரையோதான் கூப்பிட்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும்.

அதற்குப் பிறகு லீவு போட்டாள். வீட்டிலேயே கிடந்தாள். விழாமல் நிற்கும் ஒரு கணம். அவன்தான் சொன்னான், தட்டைக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டு. அவள் பல் தேய்க்கும்போது அங்கே அந்த வெட்டு. அவள் தூங்கும்போது அந்த வெட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எப்படியாவது அவனை அங்கிருந்து எடுக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அரசு விடுமுறை நாளொன்றில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குடல்வால் வெடித்த கேஸ், வேறு மயக்க டாக்டர் யாரும் ஊரில் இல்லை. அவள் போனபோது ஆஸ்பத்திரி வராந்தா காலியாகக் கிடந்தது. மழைக்கு இருட்டிய பகல். பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஒரு பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தங்கைக்குத்தான் ஆபரேஷன். தையற்கடையில் வேலை செய்கிறவள்.

"டாக்டர், அவ ரொம்பப் பயந்த சுபாவம்" என்றாள் அந்த அக்கா, எழுந்து நின்று. "எழுந்ததும் அக்கா வெளியிலதான் இருக்கான்னு சொல்லுங்க. வீட்டுல பட்டுன்னு கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிடுங்க. வேற என்ன சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டா, காலையில எழுப்புறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வரும்."

"சொல்றேன்" என்றாள் மயக்க டாக்டர்.

உள்ளே அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள். பட்டையைக் கட்டும்போது எதற்கென்று கேட்டாள். "நீங்க விழிச்சிருந்தா எனக்குத் தெரியணும். நான் பேசறது கேட்டா ஒரு தடவை அழுத்துங்க" என்று மயக்க டாக்டர் அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். ஒத்திகை பார்ப்பதுபோல ஒரு தடவை அழுத்தியும் காட்டினாள். மென்மையான, கூச்சமான அழுத்தம்.

வாயு. மருந்து. மீட்டரின் எண் இறங்கி நின்றது. சர்ஜன் கத்தியைக் கேட்டார்.

கை உடனே பிடித்தது. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று.

அவள் குனிந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வலிக்குதாடா?"

ஒன்று. அந்த ஒன்று விடவில்லை. எலும்போடு எலும்பு உரசியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆபரேஷன் முடியும் வரை, அந்த ஒரே அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சர்ஜன் கை கழுவப் போனார். சிஸ்டர் தள்ளுவண்டி எடுத்துவரப் போனாள். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

வாயுவை நிறுத்தினாள். தசை மருந்தை முறிக்கும் மருந்தை ஏற்றினாள். எண் ஏறத் தொடங்கியது.

மழைச் சத்தம். வெண்டிலேட்டர். உள்ளே. வெளியே.

தொண்டையில் கூப்பிட இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வெளியே இருக்கிற அக்கா கொடுத்தது. ஒரு ஆள் போற வழிதான் என்று டிரைவர் சொன்னது காதில் கேட்டது. கேட்காததுபோல் இருந்தாள். எண் ஏறியது. இமை துடித்தது. இப்போது. இப்போது கூப்பிட வேண்டும்.

"எறும்பு" என்றாள். "எழுந்திரு. அக்கா வந்திருக்கேன்."

கண் திறந்தது.

டியூபை உருவினாள். தையற்காரப் பெண் இருமினாள். விட்டத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு மயக்க டாக்டரைப் பார்த்தாள். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது. மயக்க டாக்டருக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

"அக்கா" என்றது அந்தப் பெண்ணின் குரல். "எவ்வளவு நேரம்தான் கூப்பிடாம இருப்பே."

அவள் அழுதாள். சத்தமாக அழுதாள். அந்தக் கன்னத்தைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள். வந்துட்டான். வந்துட்டான். வேறு எதுவும் மனதில் இல்லை.

கை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு இல்லை. ஒன்று இல்லை. எந்தக் கணக்கும் இல்லாமல். வேகமாக. மென்மையான, பழக்கமில்லாத விரல்கள்.

அந்த முகம் குனிந்து தன் வலது கையைப் பார்த்தது. புருவம் சுருங்கியது. "இது நான் இல்லக்கா" என்றது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. "டாக்டர், முடிஞ்சதா?" என்றாள் துணிப்பைக்காரி. "பட்டு? நான் பேசறது கேட்குதா?"

கை நின்றது. பிறகு ஒரு தடவை அழுத்தியது.

மயக்க டாக்டர் வாயைத் திறந்தாள். அந்தப் பேர் நாக்கு நுனியில் இருந்தது. மூன்றே எழுத்துச் சின்னப் பேர். காதோரம் சொன்னால் அவள் வருவாள், இவன் போவான். அவள் தம்பியின் சிரிப்பைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாகத் தன் கையிலிருந்து பிரித்தாள். அவை திரும்பத் திரும்ப வந்து பற்றின. திரும்பவும் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியாக விட்டது.

"பட்டு" என்று வெளியே அக்கா கூப்பிட்டாள்.

மேஜையின் ஓரத்தில், வெறும் காற்றில், அந்தக் கை ஒரு தடவை மூடித் திறந்தது.

"பட்டு. அக்காடி."

ஒரு தடவை மூடித் திறந்தது.